சிவப்புத் தண்ணீர்மேல் போட்ட பழி

இந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் சிவப்பாக இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்கள் பதற வேண்டாம். பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைப்பதால் வருகிற நிறம். எமர்ஜென்சிக்கு முந்தைய மழைக்காலத்தில், தேயிலைத் தொழிற்சாலைக் குமாஸ்தாவாக மூணாறில் வந்து இறங்கிய அன்று, சாயாக்கடையில் அப்படியொரு கிளாசை என்னிடம் நீட்டினார்கள். எனக்கு முன்னால் குடித்தவன் வெற்றிலை வாயோடு குடித்திருக்கிறான் என்று நானாக முடிவுகட்டி, கழுவித் தரச் சொன்னேன். கடைக்காரர் கழுவினார், மறுபடி அதையே ஊற்றினார். மூன்றாம் தடவையும் கழுவச் சொன்னபோது, "சாரே, கிளாஸ் அல்ல, தண்ணிதான் சிவப்பு" என்றார். கடையே சிரித்தது. ஆறு மாதத்தில் வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காதவனாகிவிட்டேன். சொந்த ஊரான கோவில்பட்டிக்குப் போனால் அண்ணன் வீட்டுத் தண்ணீர் சப்பென்றிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகவே, ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனபோது நான் யாரைச் சந்தேகித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. வலி எதுவும் கிடையாது. வேட்டிக் கறையைப் பார்த்துவிட்டு என் மனைவி பேச்சியம்மாள்தான் கேட்டாள்.

"என்னங்க இது? டாக்டர்ட்ட காட்டுங்க."

"மலையாளத்துத் தண்ணி பிள்ள. போன நெறத்துலயே திரும்பி வருது. நாணயமான தண்ணி."

"நானுந்தான் குடிக்கேன். எனக்கு வரலையே."

நடுவில் இரண்டு வாரம் தெளிவாகப் போகும். அவளைக் கூப்பிட்டு, ஜெயித்தவன் மாதிரி அறிவிப்பேன். பிறகு மறுபடி சிவக்கும், அதை அறிவிக்கமாட்டேன். ஒன்பது மாதம் இப்படிப் போயிற்று. பத்தாவது மாதம் ரத்தம் கட்டிகட்டியாக வந்து அடைத்துக்கொண்டது. ஜீப்பில் படுக்கவைத்து மலையிறக்கினார்கள்.

மலையாளத்துச் சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மூத்திரப்பையில் புற்று என்றார்கள். குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். அடுத்த கட்டிலில் எல்லையோர மீனாட்சிபுரத்து ஆறுச்சாமி, பால்மாடு வைத்திருப்பவர். அவருக்கும் அதே நோய், அதே வாரம் அதே வைத்தியம். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் என் சிவப்புத் தண்ணீர்க் கதையை நடித்தே காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, ஒம்பது மாசமாங்க? நான் மொத நாளே வந்துட்டனுங்க. மாடு செவப்பாப் பேஞ்சா உண்ணிக் காய்ச்சல்னு வைத்தியருகிட்ட ஓடறமில்லீங்க. மனுசன மட்டும் உட்டுருவமுங்களா?"

சுரண்டி எடுத்த சதையைச் சோதித்த டாக்டரம்மா ஒரு மத்தியானம் வார்டுக்கு வந்தார். எங்கள் இரண்டு பேருடைய துண்டும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே இருக்கிறது என்றார். அப்படியானால் முடிவும் ஒன்றுதானா என்று கேட்டேன்.

"அது எனக்கு அறியில்ல. செல்லுகள் தமக்குள்ளே எந்தோ சொல்லும். வளரணும், நிறுத்தணும், அங்ஙனெ. நமக்குக் கண்ணாடியில் உருவம் மட்டும் தெரியும். அவை சொல்லுவது கேக்கான் வழியில்லை."

"தமிழ்ல பேசுதா, மலையாளத்துலயா டாக்டர்? தமிழ்னா நான் கேட்டுச் சொல்லுதேன்."

அவர் சிரித்தார். மூன்று மாதத்துக்கொருமுறை வந்து குழாய்விட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். ஒரே தேதியில் வருவதென்று ஆறுச்சாமியும் நானும் பேசிக்கொண்டோம். முதல் தடவை அவர் எனக்கு நெய் கொண்டுவந்தார். அடுத்த தடவை வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தார். அவருக்குத் திரும்ப வந்திருந்தது, எலும்பு வரைக்கும். என்னுடையது சுத்தம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றாம் தடவை பெஞ்சில் அவர் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தார், இறப்புச் சான்றுக்கு ஏதோ காகிதம் வாங்க.

"நீங்க ஒம்பது மாசங்கழிச்சு வந்தீங்கன்னு சொல்லுவாருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "இவரு மொத நாளே வந்தாருங்களே."

அன்று அவருக்கு பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றேன்.

இப்போது எங்கள் அடுப்படியில் இரண்டு பானை. ஒன்றில் பேச்சியம்மாளுக்குச் சிவப்புத் தண்ணீர், மற்றதில் எனக்கு வெறும் தண்ணீர். எனக்குச் சிவந்தால், பழிபோட ஆள் இருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். காலையில் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். கதவோரம் அவள் நிற்பாள். "தெளிவு" என்பேன். போவாள்.

வியாழக்கிழமை மறுபடி மலையிறங்குகிறேன். தேறினால் ஊரோடு வந்துவிடச் சொல்லி அண்ணன் எழுதியிருக்கிறான். வரலாம். ஆனால் எங்கள் சதைத்துண்டுகளை மெழுகில் பதித்து, நம்பர் ஒட்டி, அந்த ஆஸ்பத்திரி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். ஆறுச்சாமிக்கு அடுத்தது நான். மீதி என்னை நீங்கள் கோவில்பட்டியில் எரித்தாலும் அது அங்கேயேதான் இருக்கும், அவர் பக்கத்தில், யாருக்கும் கேட்காத எதையோ பேசிக்கொண்டு.