யேசுதாசன் கையால் காட்டிய உயரம்

எல்லாம் அந்தோனியார் திருநாள் விருந்தில் தொடங்கியது. சுவிஸில் ஓல்டன் நகரத் தேவாலய மண்டபத்தில் சோற்றுத் தட்டோடு நின்ற யேசுதாசனிடம் கிறகோரி கேட்டார்.

"இப்ப என்ன வேலை மச்சான்?"

யேசுதாசன் மன்னாரிலிருந்து வந்தவர். வந்த புதிதில் உணவகத்தில் சட்டி கழுவினார், பிறகு சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கினார். கிறகோரியும் அங்கேதான் வேலை செய்தார். ஒரு காலத்தில் இரண்டு பேர் தூக்கும் பெட்டியை யேசுதாசன் தனியாகத் தூக்குவார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். பிறகு முதுகெலும்பில் தட்டு விலகி, பாரம் தூக்க முடியாமல் போனது. கிறகோரி இப்போது அதே கிடங்கில் மேற்பார்வையாளர். யேசுதாசன் ஊருக்கு வெளியே ஒரு சிறிய விலங்குப் பூங்காவில் சாணி அள்ளிக் கூடு கழுவுகிறார். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கங்காரு பாக்கிறன்."

"கங்காருவோ! என்ன உயரம்?"

யேசுதாசன் தட்டை வைத்துவிட்டு, கையைத் தன் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். "அறுபது கிலோ வரும். உதைச்சுதெண்டால் ஆள் சரி."

சுற்றியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த அவர் மனைவி மேர்சி மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

பூங்காவில் இருந்தது பாறை வாலபி. கங்காருவுக்குச் சொந்தம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம். ஆஸ்திரேலியாவில் பாறையும் காடும் சேர்ந்த ஒரு கரையோரத் துண்டில் மட்டும் எஞ்சியிருக்கும் இனம். ஆண் எட்டு ஒன்பது கிலோ தேறும். பெண் ஐந்து கிலோ, அதாவது தமிழ்க் கடையில் வாங்கும் ஒரு பாஸ்மதிப் பை. உடம்பு ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட, வாலும் அதே நீளம். நிமிர்ந்து உட்கார்ந்தால் யேசுதாசனின் முழங்காலைத் தாண்டுவதே பெரிய காரியம். பகல் முழுவதும் பாறை இடுக்கில் கிடந்து, வெயில் சாய்ந்த பிறகே இரை தேடும்.

மேர்சி சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறவர். இலையுதிர் காலத்தில் பள்ளிச் சுற்றுலாவுக்கு இடம் தேடியபோது கிறகோரி முந்திக்கொண்டார். "எங்கடை யேசுவின்ர கங்காருவைப் பாப்பம்!" பஸ்ஸும் பதிவாகிவிட்டது.

"இப்பவே சொல்லிப்போடுங்கோ" என்றார் மேர்சி. "ஒருக்காச் சிரிப்பினம், அதோடை முடிஞ்சுது."

"அண்டைக்கு அது வெளியில வராது. படுத்துக்கிடக்கும். நீர் பேசாமல் இரும்."

சுற்றுலா நாளில் இருபத்தைந்து பிள்ளைகள் வந்திறங்கினார்கள். கூடவே பெற்றோர், மீன் அடைத்த மாலு பணிஸ் பெட்டிகள், சுடுவதற்கு இறைச்சி ஊறவைத்த வாளி. வேலியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. உள்ளே பாறை மட்டும் தெரிந்தது. யேசுதாசன் கணக்குப் போட்டபடியே எல்லாம் நடந்தது, கிறகோரி வாய் திறக்கும் வரை.

"என்ன மச்சான், கங்காருவுக்கு லீவோ? இல்லாட்டி கங்காருவே இல்லையோ?"

சிரிப்புப் பரவியது. கிடங்கில் கைதட்டல் கேட்ட அந்தக் காதுகள் சூடேறின. பணியாளருக்கான கதவைத் திறந்து, விளக்குமாறோடு பாறைக்குப் பின்னால் போனார் யேசுதாசன். பெண் வாலபியின் பையில் குட்டி இருக்கிறது, மாலை வரை ஒருவரும் பின்பக்கம் போகக்கூடாது என்று தலைமைப் பராமரிப்பாளரான ஃப்ராவ் ஹூபர் என்ற அம்மா சொல்லியிருந்தார். அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் விளக்குமாற்றுத் தடியை இடுக்குக்குள் விட்டார்.

வாலபி வெளியே வந்து, கூனிக்கொண்டு பாறைமேல் குந்தியது.

"உதுவோ?" என்றார் கிறகோரி. "எங்கடை வீட்டுப் பூனைக்கு வால் வளர்ந்த மாதிரியெல்லே கிடக்கு! உதோ மச்சான் அறுபது கிலோ?"

பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேர்சி பணிஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

"பொறுங்கோ, எழும்பி நிண்டால் தெரியும்" என்று சொல்லி, யேசுதாசன் மறுபடி தடியால் இடித்தார்.

அது எழும்பி நிற்கவில்லை. சுவரில் பாய்ந்து, மோதித் திரும்பி, கூட்டத்தைக் கண்டு மிரண்டு, குறுக்கே பாய்ந்து ஓடியது. ஓடிய வழியில் எதுவோ விழுந்தது. மெல்லிய மயிர் படர்ந்த, கண் திறந்த, கை நிறையாத குட்டி. உயிருக்குப் பயந்த வாலபியின் பை தளர்ந்துவிடும், குட்டி விழுந்துவிடும். சிரிப்பு அப்படியே நின்றது.

ஃப்ராவ் ஹூபர் ஓடி வந்தார். குட்டியை எடுத்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "என்ன நடந்தது?" என்று கேட்டார்.

யேசுதாசன் ஜெர்மனில் பதில் சொன்னார்: "பிள்ளைகள் கத்தினார்கள். வேலியில் அடித்தார்கள்."

தமிழர் கூடும் இடங்களில் பெரியவர்கள் தங்களுக்குள் ஏதும் மறைக்க வேண்டுமென்றால் நல்ல தமிழுக்குப் போவார்கள், பிள்ளைகளுக்கு விளங்காது. அந்த அவசரத்தில் யேசுதாசன் எதிர்த்திசையில், பிள்ளைகளுக்கு விளங்கும் மொழிக்கு ஓடிவிட்டார். பெற்றோரில் பாதிப் பேருக்கு அந்த ஜெர்மன் சரியாக எட்டவில்லை. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்னவாம் சொல்லுறார்?" என்று கிறகோரி தன் மகள் மிதுஷாவைக் கேட்டார். அவளுக்குப் பதினொரு வயது.

"ஒண்டுமில்லையப்பா."

பிறகு அவள் வேலிக்கு அருகே வந்து, ஃப்ராவ் ஹூபரிடம் தெளிவான சுவிஸ் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டாள். அவள் வேலியைத் தொட்டதே இல்லை. மாமாவைப் பொய்யராக்கக் கூடாது என்று நினைத்தாளோ, அல்லது வீட்டில் பழகிய மரியாதையோ, பேச்சு அதோடு முடிந்தது. யேசுதாசன் விளக்குமாற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பஸ் புறப்படும் வரை அவர் ஒருவரின் முகத்தையும் பார்க்கவில்லை.

மாலையில் பராமரிப்பு அறைக்குப் போனார். பருத்திப் பையில் சுற்றிய குட்டியை ஃப்ராவ் ஹூபர் தராசில் வைத்திருந்தார். ஒரு பெரிய ஆரஞ்சுத் தோடம்பழத்தின் எடை. அடுத்ததாகத் தாயைப் பிடித்து, குட்டியை அதன் வயிற்றுப் பைக்குள் வைத்து, பையின் வாயை ஒட்டுப்பட்டியால் மூட வேண்டும். தாய் ஏற்றுக்கொள்ளுமா என்பது காலையில்தான் தெரியும்.

"பிள்ளைகள் இல்லை" என்றார் யேசுதாசன். "நான். தடியால்."

ஃப்ராவ் ஹூபர் தராசிலிருந்து நிமிர்ந்தார். "ஏன்?"

அதற்கு யேசுதாசனிடம் ஜெர்மன் இல்லை. கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டி, பிறகு கீழே போட்டார். ஃப்ராவ் ஹூபருக்கு விளங்கவில்லை.

"இனி நீங்கள் அந்தக் கூட்டுக்குள் போக வேண்டாம்" என்றார் அவர். "அந்தச் சிறுமி என்னிடம் மன்னிப்புக் கேட்டாளே, அவளிடம் யார் கேட்பது?"

காலையில் பட்டி அப்படியே இருந்தது, குட்டியும் பைக்குள் இருந்தது. தாய் இரை எடுத்தது. யேசுதாசன் இதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை மேர்சியோடு தமிழ்ப் பள்ளிக்குப் போனார். பெற்றோரும் நின்றார்கள், கிறகோரியும் நின்றார். நடந்ததைத் தமிழில் சொன்னார்: தடியை, பொய்யை, அதை எந்த மொழியில் சொன்னார் என்பதை. மிதுஷாவைப் பார்த்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை" என்றார்.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு, "குட்டி இருக்கோ மாமா?" என்று கேட்டாள்.

"ஓம். இருக்கு."

"உண்மையாய் அது எவ்வளவு உயரம்? அம்மா வாலபி?"

யேசுதாசன் குனிந்து, கையை முழங்காலுக்குச் சற்று மேலே வைத்துக் காட்டினார். கிறகோரி ஒருமுறை சிரித்தால் அதோடு முடிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கிறகோரி சிரிக்கவில்லை.