பின்சக்கரத்துக்கு ஒரு சீமை டயர்

புது ரப்பர் வாசனை எங்கிருந்து வந்தாலும் என் கால்கள் தரையில் நிற்க மறுக்கும். டயர்க் கடையைக் கடக்கும்போதும் சரி, மழைச்சட்டையை மடிப்புப் பிரிக்கும்போதும் சரி, உடனே எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போலிருக்கும். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நரை விழுந்த பிறகும் தெரியவில்லை. ஒன்பது வயதில் நன்றாகத் தெரிந்திருந்தது. வத்தேகமைக்கு.

எங்கள் தேயிலைத் தோட்டம் வத்தேகமை டவுனுக்கு மேலே மலையில் இருந்தது. அப்பா தோட்டத்து டிஸ்பென்சர். மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் மருந்துப் பெட்டியோடு அலைய ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த படிப்பை நான் படித்து முடித்துவிட்டேன். இனிப் படிக்க வேண்டுமானால் வத்தேகமையில் அத்தை வீட்டில் தங்க வேண்டும். திங்கட்கிழமை இறங்கி, வெள்ளிக்கிழமை ஏற வேண்டும். அத்தை சம்மதித்துவிட்டாள். அங்கிருந்த பள்ளிக்கூடமும் சம்மதித்துவிட்டது. சம்மதிக்காதது அப்பாவின் சைக்கிள்தான்.

கவ்வாத்துக் காலம் அது. தேயிலைச் செடிகளைக் கத்தியால் சரிவாக வெட்டி இறக்குவார்கள். வெட்டிய கிளைகளை மிலார் என்போம். பெண்கள் அதை விறகுக்குக் கட்டித் தலையில் சுமந்து, வரிசை வீடுகளான லயத்துக்குப் போவார்கள். கட்டிலிருந்து நழுவிய துண்டுகள் ரோடு நெடுக முனையை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஈட்டிதான் ஒவ்வொன்றும். அப்பா போகும்போது சைக்கிளில் போவார், வரும்போது அதைத் தள்ளிக்கொண்டு வருவார். மிலார்க் கட்டோடு எதிரே வரும் பெண்கள் ஒதுங்கி நின்று கேட்பார்கள்.

"ஐயா சைக்கிள்ல போறாரா, சைக்கிள் ஐயாவோட நடந்து போகுதா?"

அப்பாவும் சிரித்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு இராது. "வழியில காத்து போச்சுன்னா உன்னையும் தூக்கி, சைக்கிளையும் தூக்க என்னால ஆகாது. நல்ல டயரு கெடச்சாத்தான் நீ கீழ போறது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் உட்காரவில்லை. சோற்றைக்கூட வாசற்படியில் நின்றே தின்றேன்.

வாங்க இரண்டு வகை இருந்தது. ஜப்பான் டயர் மலிவு, பார்வைக்கும் பளபளப்பு. சீமை டயர் கனம், விலையும் அப்படித்தான். அப்பா சீமைப் பக்கம், அம்மா ஜப்பான் பக்கம்.

"ஜப்பான் டயரு போதுங்க. நீங்க ஒரு ஆளுதானே ஓட்டப் போறீங்க?"

"ஒரு ஆளா? பின்னால இவ உக்கார வேணாமா?"

"பசுவுக்குப் புண்ணாக்கு வாங்கக் காசில்ல, சைக்கிளுக்குச் சீமையில இருந்து செருப்பா?"

ஒருநாள் புண்ணாக்கு, மறுநாள் ஒழுகும் தகரம், அதற்கு மறுநாள் தீபாவளிச் சேலை. ஒருபோதும் எதையும் கேட்காத அம்மாவுக்குத் திடீரென்று இத்தனை தேவைகள் முளைத்தன. இவ்வளவு கஞ்சப் பிசினாறிக்கு நான் எப்படிப் பிறந்தேன் என்று அடுப்படி மூலையில் நின்று கொதித்தேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிக் கண்டிக்குப் போனார். சட்டைப் பைக்குள் ஒரு மிலார்க் குச்சி. ரோட்டிலேயே தேடி, இருந்ததில் கொடியதாகப் பார்த்து எடுத்தது. சைக்கிள் கடை முதலாளி இரண்டு டயரையும் மேசைமேல் போட்டதும் அப்பா குச்சியை உருவினார். ஜப்பான் டயரில் வைத்து அழுத்தினார். முனை உள்ளே இறங்கியது. முதலாளி பதறி எழுந்துவிட்டார்.

"டொக்டர், டொக்டர்! இது என்ன கத்திரிக்காயா, குத்திப் பாத்து எடுக்க?"

"எங்க ரோட்டுக் குச்சிங்க இது. இதுக்கிட்ட கேக்காம வேற யாருகிட்ட கேக்குறது?"

"குச்சிக்கு வாய் ஈந்தா என்னய ஏசும்!" என்றார் முதலாளி; 'இருந்தா' அவர் பேச்சில் 'ஈந்தா'. ஆனாலும் சீமை டயரை அவரே பிடித்துக் கொடுத்தார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். குச்சி வழுக்கி மேசையில் கோடு கிழித்தது. நான் கைதட்டினேன்.

ஆனால் ஒரு சோடி வாங்க வழியில்லை. அப்பா விலையைக் கேட்டார், என்னைப் பார்த்தார், மறுபடி விலையைக் கேட்டார். முதலாளி இரங்கினாரோ, மேசைக்குப் பயந்தாரோ, சொன்னார்:

"ரெண்டும் எதுக்கு டொக்டர்? பாரம் விழுறது பின்னுக்குத்தானே. பின்னுக்கு மட்டும் சீமை போடுங்க. அங்க ஈக்கிற பழச முன்னுக்கு மாத்துங்க. முன்னுக்கு ஈந்தத வீசாதீங்க, பட்டியா வெட்டி டியூபுக்கு மேல உள்ளுக்கு வைங்க. குச்சி ரெண்டு தோல் தாண்டித்தான் காத்துக்கு வரணும்."

திரும்பும்போது ரயிலில் அந்த டயரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டேன். வாசனை தலைக்கேறியது. ரயில் போதாது, இன்னும் வேகமாக ஏதாவது வேண்டும் போலிருந்தது.

வீட்டு வாசலில் அம்மா டயரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பையிலிருந்த குச்சியைத் தானே எடுத்தாள். முழங்காலிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுக் குத்தினாள். குச்சி முறிந்தது. நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா முறிந்த துண்டுகளை அடுப்பில் போட்டுவிட்டு உலைக்கு அரிசி களைந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை வத்தேகமை வரைக்கும் காற்றுப் போகவில்லை. ஒரு 'புஸ்' சத்தம்கூட இல்லை. "சீமைச் சாமான்னா சும்மாவா?" என்று அப்பா அத்தையிடம் பெருமை பேசினார். நானும் பேசினேன். மலையிறக்கத்து முதல் வளைவு வரை ரோடு கழுவித் துடைத்தாற்போலக் கிடந்ததை இருவரும் கண்டோம். இருவரும் டயரைத்தான் மெச்சினோம்.

புறப்பட்ட நேரத்தை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். விடிந்தும் விடியாத பனி. அடுப்பில் தண்ணீர் தனியாகக் கொதித்துக்கொண்டிருந்தது, அம்மாவைக் காணோம். அப்பா என் தகரப் பெட்டியை முன்னால் கட்டி முடித்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் வளைவுப் பக்கமிருந்து அம்மா ஏறி வந்தாள். சேலைக் கரை பனியில் நனைந்திருந்தது. மடி கொள்ளாமல் மிலார்த் துண்டுகள். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கூரை முட்ட விறகு அடுக்கியிருந்தது. நான் ஊரைவிட்டுப் போகிற நாளிலும் இவளுக்கு இந்த ஆசையா என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னைக்குமாம்மா மிலார் பொறுக்குவ?"

அம்மா ஒரு கையால் மடியைப் பிடித்தபடி, மறு கையின் கட்டைவிரலால் பின் டயரை அழுத்திப் பார்த்தாள்.

"வெறகுக்குத்தான்டி. நீ அப்பாவக் கெட்டியாப் புடிச்சுக்க."