காரின் முன்பக்கத்து எழுபத்தைந்து

கனடாவின் கியூபெக்கில் காருக்குப் பின்னால் மட்டும்தான் இலக்கத்தகடு. முன்பக்கம் சும்மா கிடக்கும். சிலர் கொடி ஒட்டுவார்கள், சிலர் முருகன் பெயரை எழுதுவார்கள். டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு பெட்டி ஏற்றும் கிருபானந்தன் அண்ணை பிரான்ஸ் நாட்டுத் தகடொன்றைப் பூட்டியிருந்தார். அதன் ஓரத்தில் 75. பாரிஸ் நகரத்தின் எண். "எண்பத்தெட்டில நான் பாரிசில ஓடின காரின்ரை நம்பர்" என்பார், யாரும் கேட்காமலே. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

பிரான்ஸில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. அங்குள்ள நம்மவர்கள் ஊர்ப்பெயர்கூடச் சொல்வதில்லை, "தொண்ணூற்றிமூண்டில இருக்கிறம்" என்பார்கள். 75 நகரம், 93 அதை ஒட்டிய புறநகர், வாடகை கொஞ்சம் மலிவு. அண்ணை கனடா வரும்வரை இருந்தது 93இல். அங்கே அவருக்குக் கார் இருந்ததே இல்லை.

எல்லாம் மகள் கஜந்தினியால் வந்தது. கட்டினால் பாரிஸில் இருக்கும் சாரங்கனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அவன் அனுப்பிய படத்தில் அவர்கள் வீட்டுக் காரில் 75 இருந்தது. அண்ணை உடனே அவன் வீட்டாரை அழைத்தார். "நாங்களும் எழுபத்தைஞ்சுதான்" என்று தொலைபேசியில் அவிழ்த்துவிட்டார். சாட்சிக்கு அங்கிருந்து ஒரு தகட்டையும் எடுப்பித்தார். பொய் பிடிபட்டால் சம்பந்தம் குழம்பிவிடும், மகளின் முகத்தில் விழிக்க முடியாது என்ற பயம் மட்டும் அசல்.

ஜூனில் சாரங்கனின் அப்பா அருமைராசா வந்து இறங்கினார். அண்ணையின் கார்ட்டியர்வில் வீட்டு வாசலில், உள்ளே போகாமல் காரின் முன் குனிந்தார். வேடிக்கை பார்க்கவென்றே போயிருந்த நான் பக்கத்தில் நின்றேன்.

"இது எண்பத்தெட்டில ஓடின காரின்ரையோ?"

"ஓம்."

"அப்ப நம்பர் பிளேட் கறுப்பு, இல்லாட்டி முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள். மாவட்ட நம்பர் கடைசியில பெரிசா நிக்கும். வேற மாவட்டத்துக்கு வீடு மாறினா பிளேட்டையும் மாத்தோணும். ரெண்டாயிரத்தொன்பதிலதான் அதெல்லாம் விட்டது. இந்த நீலப்பட்டிக்குள்ள சின்னனாக் கிடக்கிற எழுபத்தைஞ்சு அதுக்குப் பிறகு வந்தது."

"திருத்திப் பூட்டினது" என்று அண்ணை ஏதோ முனகினார். தேநீரோடு வந்த மனைவி இந்திராதேவிக்குப் பொறுமை போய்விட்டது.

"நாங்கள் இருந்தது தொண்ணூற்றிமூண்டில. அங்க இவரிட்டைச் சைக்கிள்கூட இருக்கேல்லை. இனிப் பெண்ணை எடுக்கிறதும் விடுறதும் உங்கடை விருப்பம்."

எனக்கே பாவமாகிவிட்டது. அருமைராசா தேநீரை ஒரு வாய் குடித்தார், பிறகு சிரித்தார்.

"நாங்களும் தொண்ணூற்றிமூண்டுதான். இப்ப எந்த மாவட்டத்தையும் கேட்டுப் போடலாம், எங்க இருக்கிறியள் எண்டு பாக்கமாட்டினம். பெடியனுக்குக் கலியாணம் பேச வேணுமெண்டு எழுபத்தைஞ்சு போட்டனான்."

அவர் கஜந்தினியைப் பார்க்க உள்ளே போனதும் அண்ணை பொங்கினார். "பாத்தியே, எவ்வளவு பெரிய பொய். இப்பிடியான வீட்டிலயோ பிள்ளையைக் குடுக்கிறது?"

"பத்துப் பொருத்தத்தில ஆறுதான் சரியெண்டு ஐயர் சொன்னவர்" என்றார் இந்திராதேவி. "இப்ப ஏழு."