கடலைக் காவலுக்கு வாங்கிய துப்பாக்கி

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். நான் எட்டாவது வரை படித்தவன், எழுத வராது என்பது ஒரு காரணம். ஏழுமலை உயிரோடு இருக்கும்வரை அவர் மனசு நோகும்படி எதுவும் அச்சில் வரக் கூடாது என்பதுதான் பெரிய காரணம். இப்போது அவர் இல்லை. அவர் சம்சாரம் கன்னியம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணா. நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்றாள். அண்ணாமலையாரைக் கும்பிட்டு எழுதுகிறேன்.

1. கடை

1989-இல் திருவண்ணாமலையில் ஒரு துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் சைக்கிளும் பம்ப்செட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன். காலையில் கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதியோடு வருகிறவனுக்கு இந்த வேலையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். "சாமி கையிலயே சூலம் இருக்குதுப்பா. நீ உன் வேலையப் பாரு" என்றார்.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் விவசாயிகளின் நாட்டுத் துப்பாக்கிகள். குழாய் வாய் வழியாக வெடிமருந்தும் ஈயக் குண்டு ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் பொட்டு வெடி மாதிரி சின்னதாகக் கேப்பு ஒன்றை மாட்ட வேண்டும். விசையை இழுத்ததும் குதிரை என்கிற சுத்தி அதன் மேல் அடித்தால் வெடிக்கும். போட்ட மருந்தை லேசில் வெளியே எடுக்க முடியாது. சுட்டுத்தான் காலி பண்ணுவார்கள். அதனால் பல வீடுகளில் மருந்து போட்டபடியே சுவரில் தொங்கும். கேப்பு மாட்டாதவரை பயமில்லை என்பார்கள். நாங்கள் எத்தனை சொன்னாலும் கேட்டவர்கள் கம்மி.

2. பன்றி

ஏழுமலைக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். மணிலாக் கடலை போடுகிறவர். அப்பா காலத்துத் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இவர் பேருக்கு மாறியிருந்தது. கடைக்கு வந்தால் சிரிப்புச் சத்தம் ரோடு வரை கேட்கும்.

ஒரு தடவை முதலாளியின் சிநேகிதரான வாத்தியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குடியானவன் வீட்டில் துப்பாக்கி எதற்கு, ஒரு கோபம் வந்தால் என்ன ஆகும், எல்லா லைசென்சையும் ரத்து பண்ண வேண்டும் என்று பேசினார். பட்டாசு வெடித்து விரட்டினால் போதாதா என்று கேட்டார்.

"பட்டாசுக்குப் பழகிடுச்சி சார்" என்றார் ஏழுமலை. "போன வாரம் நான் வெடி வைக்கிறேன், பெரிய பன்னி ஒண்ணு நின்னு வேடிக்க பாக்குது. இன்னொண்ணு வைன்னு கேக்கறாப்ல இருந்திச்சி."

எல்லாரும் சிரித்தோம். வாத்தியாரும் சிரித்தார். ஆனால் அந்த வருஷம் ஏழுமலையின் கடலையில் பாதிக்கு மேல் பன்றி தோண்டித் தின்றிருந்தது. அது எனக்குத் தெரியும்.

3. டெபாசிட்

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ டெபாசிட் பண்ண வேண்டும். முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தேர்தல் முடிந்த சமயம், கன்னியம்மா தனியாகக் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, அத இங்கியே வெச்சிக்குங்கண்ணா. குடுக்காதீங்க."

ஏதாவது தகராறா, குடியா என்று கேட்டேன்.

"ஐயோ, அவரு தங்கம். பன்னிய வெரட்டட்டும், வேணாங்கல. ஆனா அது தலைக்கு மேல தொங்குது, நாங்க கீழ படுக்கறோம். நீங்க வெச்சிருங்க, வேணும்ங்கறப்ப வந்து வாங்கிக்கினு போகட்டும்."

முதலாளியிடம் சொன்னேன். "லைசென்ஸ் யார் பேர்ல இருக்குது? அவன் கேட்டா குடுத்துதான் ஆவணும். பொண்டாட்டி வேணாம்னு சொல்லுதுன்னு வெச்சிக்க நமக்கு உரிமை கெடையாது" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி.

ஏழுமலை வந்தபோது, கடலை இல்லாத மாசங்களில் இங்கேயே இருக்கட்டுமே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பன்னி வந்தா உங்க கடைக்கு பஸ் புடிச்சி வரணுமா மேஸ்திரி? அது நிக்குமா அதுவரைக்கும்?"

ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போனார்.

4. தீபம்

அவர் ஊரிலிருந்து பார்த்தால் மலை தெரியும். கார்த்திகை தீபத்தன்று உச்சியில் ஜோதி தெரிந்ததும், துப்பாக்கியை வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டு "அரோகரா" சொல்வது அவர் அப்பா போட்ட வழக்கம். தீபத்தைப் பார்க்காமல் சுடக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி.

அந்தத் தேர்தல் வருஷம், தீபத்தன்று சாயங்காலம் மலை மேல் மேகம் மூடிவிட்டது. காவலுக்கென்று ரவை போட்டிருந்த துப்பாக்கியில் கேப்பும் மாட்டிக்கொண்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறார். ஜோதி தெரியவில்லை. மலையில் பல நாள் எரியப் போகிற தீபம்தானே, நாளைக்குப் பார்த்துவிட்டுச் சுடலாம் என்று அப்படியே ஆணியில் மாட்டிவிட்டார். பக்தியில் செய்தது. வேறொருவராக இருந்தால் கொல்லையில் சுட்டுக் காலி பண்ணியிருப்பார்.

மறுநாளும் வீட்டில் விளக்கு வைத்தார்கள். மூத்த மகள் செல்விக்குத் தை மாசம் கல்யாணம் வைத்திருந்தது. மாடத்தில் அகல் வைக்க ஸ்டூல் மேல் ஏறினாள். தாவணி பக்கத்தில் தொங்கிய துப்பாக்கியில் மாட்டி இழுத்தது. அது விழுந்து அடிக்கட்டை தரையில் மோத, கேப்பின் மேல் படிந்திருந்த குதிரை அடி வாங்கி வெடித்து, ரவை அவள் நெஞ்சில் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உயிர் இருக்கவில்லை.

5. விசாரணை

போலீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. தாசில்தார் விசாரணைக்கு வரப் போகிறார், ஊரில் மற்றவர்கள் லைசென்சும் போய்விடும் என்று பேச்சு கிளம்பியது. அந்த ஊர்க்காரர் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். துப்பாக்கியைப் பரிசோதித்துச் சொல்லப் போலீஸ் என்னையும் கூப்பிட்டிருந்தது.

"கல்யாணம் புடிக்காம பொண்ணு அதுவா சுட்டுக்கிச்சின்னு ஆச்சின்னா துப்பாக்கி மேல தப்பு வராது மேஸ்திரி. போன உசுரு வரப்போறதில்ல. இருக்கறவங்க கடலையாவது பொழைக்கட்டும்."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பன்றியால் கடனாளி ஆனவர்கள். கட்டை பிளந்திருக்கிறது, விழுந்துதான் வெடித்தது, அதைத்தான் சொல்வேன் என்றேன். அப்படியே சொல்லவும் செய்தேன். ஆனால் என் பேச்சுக்கு முன்னால் அந்தக் கதை தாசில்தார் காதுக்குப் போயிருந்தது.

பெண்ணுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லையாமே என்று அவர் கேட்டார். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. கன்னியம்மாதான் பேசினாள்.

"இஷ்டம் இல்லாத பொண்ணா சார், கல்யாண ஜாக்கெட்டு இன்னும் தெச்சித் தரலன்னு டெய்லர்கிட்ட தெனம் போய் சண்ட போட்டா? வெளக்கு வைக்க ஏறினா சார். அது விழுந்துச்சி."

அதோடு விடாமல், "துப்பாக்கியே வேணாம்னு நான் சொல்லல. பன்னி வர்றது எனக்குந்தான் தெரியும். வீட்டுக்குள்ள வேணாம். ஊர்ல ஒரு எடத்துல பூட்டி வைங்க" என்றாள்.

அதற்கு விதியில் இடமில்லை என்றார்கள்.

அப்போதுதான் ஏழுமலை வாயைத் திறந்தார். "அவ சொல்றதுதான் நெசம். மருந்து போட்டு மாட்டினது நான்."

அவர் லைசென்ஸ் மட்டும் ரத்தானது. மற்றவர்களுடைய துப்பாக்கிகள் பழையபடி ஆணியில் தொங்கின. அடுத்த போகத்தில் ஏழுமலை தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் இருந்தார். பிறகு கடலை போடுவதையே விட்டார். நிலம் கரம்பானது. அவர் சிரித்து நான் மறுபடி கேட்கவில்லை.

துப்பாக்கியே கூடாது என்கிறவர்கள் ஒரு பயிருக்கும் காவல் இருந்தவர்கள் இல்லை. துப்பாக்கி மேல் தப்பே இல்லை என்கிறவர்கள், அந்தத் தப்பை இறக்கி வைக்க ஒரு ஆளைத் தேடுகிறார்கள். இத்தனை வருஷ வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஓயாமல் பேசின. வீட்டுக்குள் அதன் கீழே படுத்தவளை யாரும் கேட்கவில்லை.

கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடையில், அந்தப் பெண் தானே சுட்டுக்கொண்டதாக யாரோ சொல்லிக்கொண்டிருந்ததைச் சமீபத்தில்கூடக் கேட்டேன். தீபம் தெரியாதது சாமி குத்தம் என்றும் ஒரு கதை உண்டு. கார்த்திகையில் மேகம் வரும். அண்ணாமலையார் யாரையும் அப்படித் தண்டிக்கிறவர் இல்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று உங்களுக்குத் தோன்றுவதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவள் பெயர் செல்வி. விளக்கு வைக்க ஏறினாள்.