தண்ணீர் வாளிக்குள் போன தீக்குச்சி

எனக்கு எழுத்து தெரியாது, கைநாட்டுதான். அதனால் மருமகள் போனில் இருக்கிற மைக் படத்தைத் தொட்டு வாயால் கேட்பேன். உருளைக்கிழங்கு நடக்கிற படம் போடு என்றால் போடும். சில நேரம் கேட்காத ஏதோ ஒன்றைப் போடும். அது இன்னும் நன்றாக இருக்கும். கம்பளி நூலில் பின்னிய நண்டு ஒன்று சட்டி கழுவும். களிமண் கிழவன் ஒருவன் தன் மூக்கைக் கழற்றிக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடுவான். இன்னொருத்தன் வேலைவெட்டி இல்லாமல் வெண்டைக்காய்க்கு ஸ்வெட்டர் மாட்டுவான். பேரன் பேத்தி எடுத்த பிறகு இதையெல்லாம் பார்க்கிறாயே, சாமி படம் பார்க்கக் கூடாதா என்று தெருவில் கேட்டார்கள். சாமியை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அவர் புதிதாக எதுவும் செய்வதில்லை.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பயராபீஸில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், சரவெடி பின்னுகிறேன். போனை அந்த வாசலுக்குள் விடமாட்டார்கள். ஆகவே முந்தின நாள் பார்த்ததைக் காலையில் கம்பெனி வேனில் வாயாலேயே ஓட்டிக் காட்டுவேன். இருபது பெண்கள் கேட்பார்கள். அதற்காகத்தான் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டே பார்த்தபோது ஒரு தீக்குச்சிப் படம் வந்தது. நிஜக் குச்சிகள். கொஞ்சம் கொஞ்சமாக நகட்டி வைத்து ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுப்பார்களாம், மருமகள் சொன்னாள். சரம் பின்னுகிற பொறுமை வேண்டும் அதற்கு. தீப்பெட்டிதான் அவற்றுக்கு வீடு. ஒரு குச்சிக்கு மட்டும் தலையில் மருந்து இல்லை. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் அப்படிப்பட்ட மொட்டைக் குச்சிகளைப் பொறுக்கி எறிந்தவள் நான். மற்றதெல்லாம் கேலி செய்யவும், அது ஒரு சிவப்புப் பாசிமணியைத் தலையில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தது. அந்த நேரம் பெட்டி திறந்து ஒரு மனுசக் கை உள்ளே வந்தது. பக்கத்துக் குச்சியை எடுத்து உரசியது. சொர்ரென்று போன் முழுக்க நெருப்பு.

போனை வாளித் தண்ணீரில் எறிந்துவிட்டு நான் தெருவுக்கு ஓடிவிட்டேன்.

பொறியைக் கண்டால் எங்கள் கை தண்ணீரைத் தேடும், கால் வாசலைத் தேடும். நடுவில் புத்திக்கு வேலை கிடையாது. நான் ஓடுவதைப் பார்த்து ஏழெட்டு வீட்டுக்காரர்களும் ஓடி வந்தார்கள். எங்கள் ஊரில் முதலில் ஓடுவோம், எதற்கென்று அப்புறம் கேட்போம். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடி மூச்சு வாங்கும்போதுதான் கேட்டார்கள். சொன்னேன். அதற்கு அவர்கள் என்னைச் சொன்னதை மருமகள் எழுத மறுக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவள்தான்.

ஈரம் காய, போன் அரிசி டிரம்முக்குள் போனது. மருமகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அந்த மொட்டைக் குச்சி என்ன ஆனது என்பது. வேனில் பாதிப் படத்தைச் சொல்லிவிட்டேன், எல்லோரும் முடிவு கேட்கிறார்கள். சமாளித்து, அதற்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். என்னோடு சரம் பின்னுகிற ஒருத்தி, முறைக்கு எனக்கு மதினி, சும்மா விடவில்லை.

"ஏன் மதினி, மருந்தில்லாத குச்சிக்கு எவ கழுத்த நீட்டுவா?"

வேனே குலுங்கியது. மறுநாள் ஜன்னலோரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் போனுக்கு உயிர் வந்தது. மருமகள் இல்லாத நேரம் பார்த்து மைக்கில் கேட்டேன். தீப்பெட்டி ஆபீஸ் மெஷினைக் காட்டியது. நான் பார்த்த வேலையை எனக்கே சொல்லித்தருகிறார்கள். குச்சியால் ஒருத்தன் கோயில் கட்டினான். ஒரு வெள்ளைக்காரி கொண்டை போட்டாள். எல்லாவற்றையும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன், அது வேறு விசயம். என் குச்சி மட்டும் வரவில்லை. கடைசியில் மருமகளிடமே போய் நின்றேன்.

"நீங்க பாத்ததெல்லாம் இதுக்குள்ளயே வரிசையா இருக்கும் அத்தே," என்றாள். "மொதல்ல அந்த வாளியத் தூக்கி அங்கிட்டு வைங்க."

வைத்தேன். போனை அவளே பிடித்துக்கொண்டாள். நெருப்பு வருகிற இடத்தில் என் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குச்சியாக எரிந்து கரியானது. மொட்டைக் குச்சியை அந்தக் கை எடுத்து உரசியது, மறுபடியும் உரசியது. பாசிமணி கழன்று உருண்டது. எறியப்போகிறான், எங்களைப் போலத்தானே என்று நினைத்தேன். அந்த ஆள் குச்சியைக் காதுக்குள் விட்டு, கண்ணை மூடி, சொகமாகக் குடைந்தான். பிறகு சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான். அம்புட்டுதான் படம். நானும் மருமகளும் விலா வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் வேனில் ஏறியதும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"கல்யாணத்தயாச்சும் நம்பலாம்," என்றாள் மதினி. "இது ரொம்பப் பொய்யி."

வேன் இன்னும் எங்கள் தெருவைத் தாண்டவில்லை. டிரைவரை நிறுத்தச் சொல்லிவிட்டு மருமகளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். வாயில் பற்பசை நுரையோடு போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். படிக்கட்டில் நின்றபடி, காதைத்தான் குடைகிறான் என்று சத்தியம் செய்து படத்தை ஓடவிட்டாள். இருபது தலையும் முட்டிக்கொண்டு பார்த்தது. கை வந்தது, குச்சியை உரசியது, சொர்ரென்று நெருப்பு.

பாதி வேன் கீழே குதித்துவிட்டது. முதலில் குதித்தவள் மதினி. அவள் திரும்பி ஏறுவதற்குள் நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.