ஆள் இல்லாத அருவி

எங்கள் சித்தப்பாவுக்கு ஆள் இல்லாத படம் எடுக்கத் தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரே படக்காரர் அவர்தான். சடங்கு, கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் கழுத்தில் கமராவை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவார். கமராவைத் தூக்கியதும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு மந்திரம்: “நாடியத் தூக்குங்க!” முகவாயை நிமிர்த்துவதில் கிழவன், குமரி, கைக்குழந்தை என்று யாருக்கும் விலக்கில்லை. ஒரு தடவை கோயிலில் பிள்ளையாரைப் படம் எடுக்கும்போதும் பழக்கதோஷத்தில் அதைச் சொல்லிவிட்டு, பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த மந்திரத்துக்கு மசியாத ஒரே ஆள் என் அம்மா. கமராவைக் கண்டால் அவள் தலை தானாகக் கவிழ்ந்துவிடும். அம்மாவின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தலை வகிடு வருஷத்துக்கு வருஷம் எப்படி அகலமாகிறது என்று தெரியும். முகம் தெரியாது.

எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த வருஷம், அப்பா சித்தப்பாவுக்கு ஒரு கெடு வைத்தார். அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எதையும் சங்கு ஊதின மாதிரி நேரம் வைத்துத்தான் பேசுவார்.

“தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தப் பொட்டிய வச்சு ஆளாகிக் காட்டு. இல்லாட்டி கொழும்புக்குப் போ. இரும்புக் கடையில சொல்லி வச்சிருக்கேன். அங்க ஆணிக்கு நாடியத் தூக்கச் சொல்லிக்கிட்டு இரு.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மழைநாளில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பாலம் கடப்பவர் அவர். கொழும்புக்குப் போன ஆட்கள் தீபாவளிக்குத்தான் திரும்பி வருவார்கள், அதுவும் மீசை வைத்துக்கொண்டு யாரோ மாதிரி வருவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் பதுளை டவுனில் எங்கள் ஆட்கள் எல்லாரும் துணி எடுக்கும் கடையில் ஒரு தாளை ஒட்டினார்கள். வரப்போகும் வருஷத்துக் கலண்டருக்கு ஓர் அருவிப் படம் வேண்டும். யாரும் எடுத்துக் கொடுக்கலாம். நல்ல படமாக இருந்தால், எடுத்தவர் பெயரைக் கீழே அச்சடிப்பார்கள். அதோடு கடையின் படவேலை எல்லாம் அவருக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை: படத்தில் ஆள் இருக்கக் கூடாது.

நிபந்தனைக்குக் காரணம் ஊருக்கே தெரியும். முந்தின வருஷம் முதலாளி ஒரு வாடிக்கையாளரின் குழந்தையைக் கலண்டரில் போட்டார். குழந்தை வைத்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். “தண்ணிக்குச் சொந்தக்காரன் எவனும் சண்டைக்கு வரமாட்டான்” என்றாராம் முதலாளி.

ஐப்பசி மாதம். குளிர்நாட்டில் அப்போது இலை பழுத்துக் கொட்டுமாம். எங்கள் ஊவா மலைநாட்டில் வானம் கொட்டும். காய்ந்து கிடந்த பாறையெல்லாம் வெள்ளை வேட்டி கட்டிக்கொள்ளும். அருவி பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சித்தப்பா புறப்பட்டார். நானும் அழுது கூடப் புறப்பட்டேன். பிள்ளையைத் தனியாக விட முடியாது என்று அம்மா வந்தாள். தம்பி பணத்தை எப்படித் தண்ணீரில் விடுகிறான் என்று பார்க்க அப்பா வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கமரா என்ற சொல் காதில் விழுந்தால் நல்ல துணி வைத்த தகரப் பெட்டியைத் திறந்துவிடுவோம். அப்பா வெள்ளைச் சட்டையும் கல்யாணத்துக்கு எடுத்த காற்சட்டையும் போட்டிருந்தார். எனக்கு இரண்டு ரிப்பன். அம்மா, போன தீபாவளிக்கு அதே கடையில் அலுமாரியையே இறக்கவைத்து எடுத்த மிளகாய்ப்பழச் சிவப்புச் சேலையில் வந்து நின்றாள். சித்தப்பா திகைத்துப்போனார்.

“அண்ணி, நம்ம காட்டுக்குப் போறோம். பொண்ணு பாக்கப் போகல.”

“கமரா வருதுல்ல?” என்றாள் அம்மா. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

ஹாலிஎலயில் ரயில் ஏறி எல்லயில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் இறக்கத்தில் போய், ரோட்டோரமாக விழும் பெரிய அருவிக்கு முன்னால் இறங்கினோம். சித்தப்பா கமராவைத் தூக்கினார். உடனே நாங்கள் மூவரும் அருவிக்கு முன்னால் போய் உயரவாரியாக நின்றோம். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் போனது. அதைவிட வேடிக்கை, சித்தப்பாவும் “நாடியத் தூக்குங்க!” என்று சொல்லி ஒன்றை எடுத்தும் விட்டார். பிறகுதான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ! ஆள் இருக்கக் கூடாதுய்யா! தள்ளுங்க, தள்ளுங்க!”

நாங்கள் தள்ளினோம். அந்த இடத்தில் இரண்டு வேன் நிறைய உல்லாசப் பயணிகள் வந்து நின்றார்கள். அவர்கள் தள்ளினால் குரங்கு வந்தது. குரங்கு போனால் சோளம் விற்பவர் வந்தார். ஒரு மணிநேரத்தில் சித்தப்பா எடுத்த படம் ஒவ்வொன்றிலும் யாராவது ஒருத்தர் எதையாவது தின்றுகொண்டிருந்தார்.

அங்கேதான் அது நடந்தது. எங்கள் சோற்றுப்பானை அளவுக்குக் கமரா வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த வழிகாட்டிப் பையனிடம் ஏதோ சொன்னார். அவன் நம்முடைய ஆள்தான். சிரித்துக்கொண்டே வந்தான்.

“அக்கா, கடையில ஒரு கொழுந்துக் கூடை இருக்கு. சேலைக்கு மேல ஒரு சாக்கக் கட்டி, கூடைய மாட்டிக்கிட்டு ஒரு நிமிசம் நின்னீங்கன்னா, இவங்க படம் எடுத்துக்குவாங்க.”

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னைக்கு எனக்கு லீவு தம்பி.”

பையன் முகம் சுருங்கிப் போய்விட்டான். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரோட்டின் மறுபக்கம் போனாள். பிறகு அப்பாவிடம், “பட்டு உடுத்தினாலும் என் நெத்தியில கொழுந்துக்காரின்னு எழுதி ஒட்டியிருக்கா?” என்று கேட்டாள். அப்பா சோளம் வாங்கிக் கொடுத்தார்.

சோளத்தைத் தின்று முடித்துக் கையைத் தட்டிவிட்டு அம்மா சொன்னாள்: “நான் பொறந்த தோட்டத்துக்கு மேல ஒரு அருவி இருக்கு. ரோட்டுல இருந்து தெரியாது. எந்தக் கலண்டர்லயும் வரல. நடப்பீங்களா?”

“அண்ணி, இத காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார் சித்தப்பா.

“நீங்க கேக்கலையே.”

ஓட்டோ போன மட்டும் போனோம். அதற்கு மேல் தேயிலை மலை, அதற்கு மேல் ஆளுயர மானாப்புல், அதற்கு மேல் காடு. காட்டு வாசலில் அம்மா கைப்பையைத் திறந்து துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியை எடுத்தாள். எல்லாருடைய காலிலும் முழங்கால் வரைக்கும் நனைத்துப் பூசிவிட்டாள். மழைக்காட்டு அட்டைக்குக் கொழுந்துக்காரர்கள் செய்யும் வைத்தியம் அது. அப்பா கல்யாணக் காற்சட்டையைச் சுருட்ட மனமில்லாமல் வேண்டாம் என்றுவிட்டார். பத்து நிமிஷத்தில் குதிக்க ஆரம்பித்தார்.

“தோட்டத்துக்குக் குடுத்தது போக மிச்ச ரத்தத்த இதுக கேக்குதுடா!”

அம்மா முன்னால் போனாள். சேலையை ஒரு சாணுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். வேரில் எங்கே மிதிக்கலாம், எந்தக் கல் புரளும் என்பதெல்லாம் அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் எப்போதும் அப்பாவுக்குப் பின்னால் நடக்கும் அம்மா, அன்று நாங்கள் மூச்சு வாங்கி நிற்கும் இடங்களில் மேலே இடுப்பில் கைவைத்து நின்று, “என்ன, தொழிற்சாலைக்கு மூச்சு வாங்குதா?” என்று கேட்டாள்.

அருவியின் சத்தம் கேட்டது. அருவி தெரியவில்லை. எதிரே முழுக்கப் பனிமூட்டம். சித்தப்பா ஒரு கல்லின்மேல் துவாய்த் துண்டை மடித்துப் போட்டுக் கமராவை வைத்தார். எங்களைத் தனக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

“இந்தக் கல்லுக்கு முன்னால யாரோட காலும் வரக் கூடாது. பாப்பா, ஒனக்குந்தான்.”

“மூட்டம் தொறக்கும். நிமிந்து நிக்க ஒரு நேரம் குடுக்கும். காத்துக்கிட்டு இருங்க” என்றாள் அம்மா. தினமும் மூட்டத்துக்குள் நின்று கொழுந்து எடுப்பவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பிறகு, “அட்ட கடிச்சிருக்கு. கால் கழுவிட்டு வாறேன்” என்று பக்கத்து ஒற்றையடிப் பாதையில் புகுந்து போனாள்.

காத்திருந்தோம். தூறல் போட்டது. சித்தப்பா சட்டையைக் கழற்றிக் கமராவைப் போர்த்திவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றார். ரயிலுக்கு நேரமாகிறது என்று அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கொழும்பு இரும்புக் கடைக்காரர் நல்ல மனுஷன் என்று பொதுவாகச் சொன்னார். சித்தப்பா கமராவின்மேல் கிடந்த சட்டையை இழுத்துச் சரிசெய்தார். நான் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளையார் முதல் முருகன் வரைக்கும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இந்தப் புகையைக் கொஞ்சம் ஊதிவிடச் சொன்னேன்.

ஊதிவிட்டார்கள்.

முதலில் அடியில் தண்ணீர் தெரிந்தது. அப்புறம் பாறை. அப்புறம் பாறைக்கு மேல் பாறை. கழுத்து வலிக்கிற உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக அருவி விரிந்துகொண்டே போனது. உச்சியில் ஒரு துண்டு வெயில். சித்தப்பா கமராவுக்குள் கண்ணை வைத்தவர், அமுக்காமல் அப்படியே நின்றார். எந்தச் சடங்கு வீட்டிலும் பத்துப் படம் எடுத்துத் தள்ளுகிற ஆள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“அமுக்குடா! மூடப் போகுது!” என்று அப்பா கத்தினார்.

ஒரே ஒரு தடவை அமுக்கினார். மூட்டம் மூடிவிட்டது.

அரை மணிநேரம் கழித்து அம்மா வந்தாள். சேலையின் அடி நனைந்திருந்தது. கால் கழுவப் போனவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. தலையில் ஒரு பன்னச்செடி இலை ஒட்டியிருந்தது.

“எடுத்தாச்சா தம்பி?”

“எடுத்தாச்சு அண்ணி.”

அவ்வளவுதான் பேச்சு.

ரயிலில் சித்தப்பா தூங்கினார். நான் கமராவை மடியில் வைத்து, அவர் சொல்லிக் கொடுத்தபடி பொத்தானை அமுக்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அருவியின் உச்சியில், வெயில் விழுந்த பாறையில், ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். அது அம்மா. வழி தப்பி எங்கேயோ ஏறிப் படத்துக்குள் வந்து நின்றுவிட்டாள்! சித்தப்பா கவனிக்கவில்லை. கடைக்காரர் கவனித்தால் கொழும்புதான்.

வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவின்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சித்தப்பா படத்தைக் கொடுக்கமாட்டார், கொடுக்காவிட்டாலும் கொழும்புதான். “படம் நல்லா வந்திருக்கா சித்தப்பா?” என்று மட்டும் கேட்டு வைத்தேன். “சுத்தமா வந்திருக்கு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முடிவு சொல்லும் நாளில் தீபாவளிக்குத் துணி எடுக்கவும் சேர்த்து நாங்கள் எல்லாரும் பதுளைக்குப் போனோம். கடைக்குள் காலை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா அதே சிவப்புச் சேலையில் வந்திருக்கிறாள்! டவுனுக்குப் போக அவளிடம் இருந்த நல்ல சேலை அதுதான். நான் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். ஒன்பது வயதுப் பிள்ளை எவ்வளவு சேலையை மறைக்க முடியும்?

முதலாளி மேசையில் படங்கள் வரிசையாகக் கிடந்தன. சித்தப்பாவின் படத்தை எடுத்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். உச்சியில் விரலை வைத்தார்.

“இது என்னப்பா செவப்பா?”

நான் கையை இன்னும் அகலமாக விரித்தேன்.

“பூங்க முதலாளி” என்றார் சித்தப்பா, கண் இமைக்காமல். “காட்டுப் பூ. ஐப்பசியில பூக்கும்.”

முதலாளி படத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலால் அம்மாவைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நல்ல பூவுதான். நம்ம கடையில பூத்தது மாதிரி இருக்கு. இந்தப் பூ இல்லாட்டி அருவி எவ்வளவு ஒசரம்னு எவனுக்குத் தெரியும்? இதையே போடுவோம்!”

வயதானவருக்குப் பார்வை மங்கிவிட்டது, சேலைக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தார். அப்பா வழியில் கண்ட ஆட்களிடமெல்லாம், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும், “என் தம்பிதான், கலண்டர்காரன்” என்றார். கொழும்பு இரும்புக் கடைப் பேச்சு அந்தத் தீபாவளி வெடியோடு போயிற்று. தை பிறந்தபோது ஹாலிஎல முதல் லுணுகலை வரைக்கும், எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒன்றாக, அந்த அருவி தொங்கியது. அப்பா எங்கள் வீட்டில் இரண்டு மாட்டினார்.

வெகு காலம் வரைக்கும் அந்த வெற்றி என்னுடையது என்றுதான் எண்ணியிருந்தேன். நான் வாயை மூடியிருந்ததால்தானே ஜெயித்தோம்!

சித்தப்பாவின் ஸ்டூடியோ இப்போது ஹாலிஎலயில் இருக்கிறது. போன மாதம் அவருடைய பழைய படங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும்போது அந்த அருவி வந்தது. பெரிய திரையில் உச்சியைப் பெரிதாக்கினேன். வழி தப்பி வந்தவள் மாதிரி ஒன்றும் இல்லை. செருகியிருந்த சேலையை இறக்கி, மடிப்பைச் சரிசெய்து, தலைப்பை விரித்துப் போட்டிருக்கிறாள். இரண்டு கையும் இடுப்பில். நேராகக் கமராவைப் பார்க்கிறாள்.

நாடியைத் தூக்கியிருக்கிறாள். அந்த அருவிச் சத்தத்தில் சித்தப்பா சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.