ஐந்தில் ஒரு பங்கு ஆவி

போன ஞாயிற்றுக்கிழமை, சித்தூரில் நான் வேலை பார்க்கிற ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா பைப் விரிசல் விட்டது. இன்ஜினீயர் என்று சம்பளம் வாங்குகிறவன் நான்தான். என்ன செய்தேன்? பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன்!

சிரிக்காதீர்கள். டாங்கிக்குள் அம்மோனியா அழுத்தத்தில் திரவமாக அடங்கிக் கிடக்கும். வெளியே வந்தால் அழுத்தம் போச்சு. நம் ஊர் வெயிலில் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் அத்தனையும் ஒரே மூச்சில் ஆவியாகாது. ஒரு பங்கு ஆவியாகும்போதே மிச்சத்தின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மிச்சம் சில்லிட்டுத் தேங்கி, மெல்ல மெல்லப் புகையும்.

"எவ்ளோ சார் ஆவியா பூடும்?" மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"உடனே ஐந்தில் ஒரு பங்கு."

"அவ்ளோதானா!"

அவ்வளவுதானாவா? ஒரு குடம் திரவம் நூற்றுக்கணக்கான குடம் ஆவியாகப் பெருகுமே ஐயா! காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். நேரே மதில் பக்கம்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் சர்ச். ஆராதனை நேரம். உள்ளே பாடகர் குழுவில் என் மனைவி கிரேஸ்...

ஓடினேன். வாசலில் நின்று பாதிரியாரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஐயரே! ஆவி வந்துக்கினு இருக்குது! எல்லாரும் எழுந்திருங்க!"

எழுந்தார்கள். எங்களுடையது பழைய மிஷன் சபை. கை தட்டுகிற வழக்கம்கூடக் கிடையாது. அன்றைக்கு அத்தனை பேரும் கையை உயர்த்தி, கண்ணை மூடி, "அல்லேலூயா!" என்றார்கள்.

"ஸ்தோத்திரம்! எங்க வூட்டுக்காரரையும் பரிசுத்த ஆவி தொட்டுடுச்சி!" என்று கூவினாள் கிரேஸ். பாவம், நான் ஒழுங்காகக் கோயிலுக்கு வரவேண்டும் என்று வருஷக்கணக்காக உபவாசம் இருக்கிறவள்.

"அந்த ஆவி இல்லடி! அம்மோனியா!"

யார் காதில் விழுந்தது? பாட்டே ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் ஜன்னல் வழியாக முதல் நெடி வந்தது. ஐயர் தும்மினார். பாட்டு இருமலாக மாறியது. "கேஸ்! கேஸ்!" என்று அலறினேன். இங்கிலீஷில் சொன்னதும் சட்டென்று புரிந்துவிட்டது! பக்கவாட்டுக் கதவு வழியாக எல்லாரும் தப்பித்தோம். அதற்குள் ஃபிட்டர் வால்வை மூடிவிட்டார். கண் சிவந்ததோடு சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிரேஸ் வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

"எத்தினியோ பிரசங்கம் பண்ணிக்கீறேன். சபை மொத்தமும் அழுது இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் ஐயர், மூக்கைச் சிந்திக்கொண்டே.

நான் கிரேஸிடம் என் கணக்கைப் பெருமையாக விளக்கினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, முறைத்தாள்.

"அஞ்சுல ஒரு பங்கா? அந்த ஒரு பங்காவது உங்க மேல எறங்கக்கூடாதா?"